காற்றுதான் ஓட்டியது என்றால் முப்பது பேர் எதற்கு?

"பாய்மரக் கப்பலைக் காற்றுதானே தள்ளிக்கொண்டு போகிறது? அப்படியானால் 19ஆம் நூற்றாண்டு வணிகக் கப்பலில் முப்பது பேர் மூன்று நான்கு மாதம் என்னதான் வேலை செய்தார்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சரக்குக் கப்பல்களில் இருபது ஆண்டு வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. "இஞ்சின் ஓடுகிறது, நீங்கள் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு போவீர்கள், அதற்குச் சம்பளமா?" என்று என் மாமாவே கேட்டிருக்கிறார்.

காற்று தள்ளியது உண்மைதான். ஆனால் அது எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் தள்ளும் என்பது அதன் இஷ்டம். அது மாறும்போதெல்லாம் கப்பலை அதற்கேற்ப மாற்றிவைக்க ஆள் வேண்டும். அதைவிடப் பெரிய வேலை இன்னொன்று உண்டு. கயிறு, மரம், துணி, இரும்பு ஆகியவற்றால் கட்டிய ஒரு பொருளை உப்புத் தண்ணீரில் போட்டு இரவும் பகலும் குலுக்கினால், அது ஒவ்வொரு மணி நேரமும் தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்வதைவிட வேகமாகப் பழுது பார்க்க வேண்டும். முப்பது பேரும் பெரும்பாலான நாட்களில் செய்தது இதைத்தான்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. எனவே எல்லாருக்கும் ஓரளவு தெரிந்த ஒரு கப்பலை எடுத்துக்கொள்கிறேன்: லண்டன் கிரீனிச்சில் இன்றும் நிற்கும் கட்டி சார்க். ஸ்காட்லாந்தின் டம்பார்டன் நகரில் கட்டப்பட்டு 1869 நவம்பர் 22 அன்று நீரில் இறக்கப்பட்டது. அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. சீனத் தேயிலையை லண்டனுக்கு யாரையும்விட வேகமாகக் கொண்டுவரத்தான் இதைக் கட்டினார்கள். நீராவிக் கப்பல் கால்வாய் வழியே குறுக்கே போகும்; காற்றை நம்பும் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும். பிறந்த வாரத்திலேயே பிழைப்பில் மண் விழுந்த கப்பல் என்று சொல்லலாம். ஆனாலும் அது கால் நூற்றாண்டு பிரிட்டிஷ் கொடியோடு ஓடியது. எப்படி ஓடியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

உடலின் நீளம் சுமார் 212 அடி, மூன்று பாய்மரங்கள், நடுமரத்தின் உயரம் 152 அடி. எல்லாப் பாய்களையும் விரித்தால் 32,000 சதுர அடி, அதாவது ஏறக்குறைய முக்கால் ஏக்கர் துணி. அதைத் தாங்கவும் இழுக்கவும் பதினோரு மைல் நீளக் கயிறும் கம்பி வடமும். இதில் எதற்கும் மோட்டார் கிடையாது.

வேலை நேரத்திலிருந்து தொடங்குவோம். ஆட்களை இரண்டு பிரிவாகப் பிரிப்பார்கள்: 'மேட்' என்பவர் கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரி; முதல் மேட்டின் கீழ் ஒன்று, இரண்டாம் மேட்டின் கீழ் ஒன்று. ஒரு பிரிவு நான்கு மணி நேரம் மேல்தளத்தில் நிற்கும். மற்றது கீழே ஓய்வெடுக்கும். பிறகு மாறும். இதைத்தான் வாட்ச் என்கிறோம். மாலை நான்கு முதல் எட்டு வரை மட்டும் இரண்டு இரண்டு மணி நேரமாக உடைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ஒரே பிரிவு ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் மாட்டிக்கொள்ளும். அரை மணிக்கு ஒரு முறை மணி அடிக்கும். எட்டு மணியடி கேட்டால் முறை முடிந்தது.

தாளில் இது நியாயமாகத்தான் தெரிகிறது. தூக்கத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை நின்றவன் நள்ளிரவில் படுக்கிறான். காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான் அன்றைய இரவு. ஈரச் சட்டையைக் கழற்றும் நேரம், அடுத்தவனை எழுப்பும் சத்தம் எல்லாம் போக மூன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மறுநாள் இரவு இரண்டு தவணையாகக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். தொடர்ச்சியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்குவது என்பது துறைமுகத்தில் மட்டுமே. அதற்கும் மேலே, "எல்லாரும் மேலே வாருங்கள்" என்ற கூவல் எந்த நேரத்திலும் வரலாம். வந்தால் ஓய்வு ரத்து. பின்னர் ஈடு தருவது என்ற பேச்சே கிடையாது. தச்சர், பாய் தைப்பவர், சமையல்காரர், பரிசாரகர் ஆகியோருக்கு மட்டும் பகல் வேலை, இரவுத் தூக்கம். மற்றவர்கள் அவர்களைப் பொறாமையோடு "சும்மா இருப்பவர்கள்" என்று அழைத்தார்கள்.

மேலே நிற்கும் நான்கு மணி நேரத்தில் ஒருவர் சுக்கான் சக்கரத்தைப் பிடிப்பார், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாறும். இன்னொருவர் கப்பலின் முன்முனையான அணியத்தில் நின்று கடலைப் பார்ப்பார். மிச்சமுள்ளவர்கள் கயிற்றுக்கு.

(இடையில் ஒன்று. சுக்கான் என்ற நம் சொல்லே அரபு மொழியிலிருந்து வந்தது. மாலுமியும் அப்படித்தான், கப்பல் வழிகாட்டியைக் குறித்த அரபுச் சொல் அது. பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகளில், அவர்களின் தலைவரான செராங்குக்கு அடுத்த நிலையில் இருந்தவரை ஆங்கிலேயர் 'டிண்டல்' என்று எழுதினார்கள். தூத்துக்குடித் தோணியின் தலைவரை நாம் தண்டல் என்கிறோமே, அதே சொல்தான்.)

கயிறு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மாலுமியின் படிப்பே அதுதான். பாய்மரத்தில் குறுக்கே தொங்கும் மரத்தைப் பருமல் என்கிறோம். ஒவ்வொரு பருமலிலும் ஒரு பாய். அந்தப் பருமலை மேலே ஏற்ற ஒரு கயிறு, இடமும் வலமும் திருப்ப இரண்டு, பாயின் கீழ்முனைகளை இழுத்துக் கட்ட இரண்டு, சுருட்டித் தூக்க இன்னும் சில. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள் கப்பிகளின் வழியே கீழே இறங்கி, பக்கச் சுவரை ஒட்டி வரிசையாகச் செருகிய மரமுளைகளில் முடியும். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. ஆனால் எந்தக் கயிறு எந்த முளையில் என்பது மாறவே மாறாது. ஒரு நாட்டுக் கப்பலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலும் ஏறக்குறைய அதே ஒழுங்கு. காரணம் எளிது. நிலவில்லாத இரவு, மழை, முழங்கால் அளவு தண்ணீர் தளத்தில் புரள்கிறது, மேட் ஒரு பெயரைக் கத்துகிறார். கை தானாகப் போய்ச் சரியான முளையில் விழ வேண்டும். தவறான கயிற்றை அவிழ்த்தால் தலைக்கு மேலே ஒரு டன் எடையுள்ள மரம் இறங்கிவரும். புதிதாகச் சேர்ந்த பையனை முதல் வாரம் முழுக்க இருட்டில் முளைகளைத் தடவிப் பெயர் சொல்ல வைப்பார்கள். வாய்ப்பாடு ஒப்புவிப்பது போலத்தான்.

நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரமும் போகாது. சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்றுக்கு அறுபது எழுபது பாகை விலகித்தான் போக முடியும். எனவே இடமும் வலமுமாக வளைந்து வளைந்து முன்னேறுவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மூன்று மரங்களின் பருமல்களையும் வரிசைப்படி திருப்ப வேண்டும். ஒரு நொடி பிந்தினால் கப்பல் காற்றைப் பார்த்தபடி நின்றுவிடும், பிறகு பின்னோக்கி நகரத் தொடங்கும். அந்த நேரத்தில் சமையல்காரருக்கும் வேலை உண்டு: அடுப்பை விட்டுவிட்டு வந்து முன்மரத்தின் பெரிய பாயின் கயிற்றுக்குப் பொறுப்பேற்பது அவர் வழக்கம். கப்பலில் இருந்த கொஞ்சநஞ்சக் கைகளில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

பலரும் நினைப்பதற்கு மாறாக, அதிகம் உழைத்த இடம் புயல்கடல் அல்ல, நிலநடுக்கோட்டை ஒட்டிய அமைதி மண்டலம். அங்கே காற்று ஐந்து நிமிடம் வடக்கிலிருந்து வீசும், நின்றுவிடும், பிறகு மேற்கிலிருந்து ஒரு மூச்சு. ஒவ்வொரு மூச்சையும் பிடிக்கப் பருமல்களைத் திருப்பியாக வேண்டும். வெயிலில் தளத்தின் தார் உருகிக் காலில் ஒட்டும். நாள் முழுக்க இழுத்து மாலையில் பார்த்தால் கப்பல் பத்து மைல் நகர்ந்திருக்காது. ஒரே ஆறுதல் அங்கே கொட்டும் மழை. ஊரைவிட்டுக் கிளம்பியது முதல் உப்புத் தண்ணீரில் அலசிய துணிகளை நல்ல தண்ணீரில் துவைக்க அதுதான் வாய்ப்பு.

வியாபாரக் காற்று மண்டலத்தில் நிலைமை தலைகீழ். காற்று நாள்கணக்கில் ஒரே பக்கத்திலிருந்து வீசும், கயிற்றைத் தொட வேண்டியதே இல்லை. நண்பர் நினைத்த "சும்மா போகும் கப்பல்" இதுதான். ஆனால் சும்மா இருக்கும் கையைக் கண்டால் மேட்டுக்குத் தாங்காது. நல்ல பாய்களை எல்லாம் இறக்கி, கிழிந்து ஒட்டுப்போட்ட பழைய பாய்களை ஏற்றுவார்கள். தெற்கே கடுங்குளிர்க் கடலுக்குப் போகும் முன் மறுபடி இறக்கி, புதிய கெட்டிப் பாய்களை ஏற்றுவார்கள். மெல்லிய காற்றில் புதிய பாயை வீணாக்க யாருக்கு மனம் வரும்? ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

பிறகு தார். பாய்மரங்களைத் தாங்கும் நிலைக்கயிறுகளுக்கு உச்சியிலிருந்து கீழ்வரை மரத்தார் பூச வேண்டும். ஒரு பலகைத் துண்டில் உட்கார்ந்து, இடுப்பில் தார் வாளி, கையில் கந்தல் துணி, அப்படியே கயிறு கயிறாக இறங்கிவருவார்கள். கீழே வெளுத்த தளத்தில் ஒரு சொட்டு விழுந்தால் அதைச் சுரண்டுவதும் பூசியவன் வேலைதான். தளத்தை மணலும் தண்ணீரும் ஊற்றி மணற்கல்லால் மண்டியிட்டுத் தேய்ப்பார்கள். பெரிய கல்லுக்கு 'பைபிள்' என்றும் மூலைகளில் தேய்க்கும் சிறிய கல்லுக்கு 'ஜெபப் புத்தகம்' என்றும் பெயர். மண்டியிட வைப்பதால் வந்த கிண்டல். கயிறு மரத்தில் உரசும் இடங்களில் பழைய நாரைச் சுற்றுவது, அறுந்த கயிற்றைப் பிரித்து நாராக்கி மறுபடி முறுக்குவது, இரும்பில் துரு தட்டுவது. துரு தட்டும் வேலை என் காலத்திலும் அப்படியே இருந்தது. சுத்தியலின் அந்த டக் டக் சத்தத்தில் தூங்கப் பழகியவனுக்கு வீட்டின் அமைதியில் தூக்கம் வராது.

ஞாயிற்றுக்கிழமை இந்த வேலைகளுக்கு விடுமுறை. பாய், சுக்கான், காவல் மட்டும் வழக்கம் போல.

கட்டி சார்க் ஆஸ்திரேலியக் கம்பளி ஏற்றிய காலத்தில் சிட்னியிலிருந்து கிளம்பித் தெற்கே இறங்கி, தென் அமெரிக்காவின் நுனியான ஹார்ன் முனையைச் சுற்றி லண்டனுக்குப் போகும். பனிக்கட்டி மிதக்கும் கடல். அங்கே காற்று ஏறினால் பாயைச் சுருட்ட மேலே போக வேண்டும். அதை மட்டும் பக்கத்திலிருந்து காட்டுகிறேன்.

விடியற்காலை இரண்டு மணி. கயிற்றேணி பனியில் விறைத்துக் கம்பி போல இருக்கிறது. தளத்திலிருந்து நூறு அடிக்கு மேலே ஏறி, பருமலுக்கு அடியில் தொங்கும் ஒற்றைக் கயிற்றில் கால் வைத்துப் பக்கவாட்டில் நகர வேண்டும். பக்கத்து ஆள் அதே கயிற்றில் கால் வைத்ததும் அது தணிந்து எழும்பும். சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். வயிற்றைப் பருமலில் பதித்து முன்னால் குனிந்தால் தலை கீழேயும் கால் பின்னாலும் போகும். நனைந்து உறைந்த பாய் தகரம் போல விறைத்துக் காற்றில் அறைகிறது. அதில் பிடிக்க மடிப்பே இல்லை. கையால் குத்திக் குத்தி ஒரு சுருக்கம் உண்டாக்கி, அதை இழுத்து வயிற்றுக்கு அடியில் அழுத்தி, அடுத்த சுருக்கத்துக்குக் கையை நீட்ட வேண்டும். ஒரே வீச்சில் எல்லாம் பறிபோய் மறுபடி முதலிலிருந்து. கையுறை போட்டால் பிடி நழுவும். போடாவிட்டால் நகம் பெயரும். ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு என்பது மாலுமிகள் சொல்லிக்கொடுத்த பாடம். இந்த வேலையில் இரண்டு கையும் கப்பலுக்கே போனது. ஒரு பாயைச் சுருட்ட ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். கீழே விழுந்தவனுக்காகப் படகு இறக்குவது அந்த அலையில் பெரும்பாலும் நடக்காத காரியம்.

இறங்கி வந்தால் காய்ந்த சட்டை கிடையாது. எண்ணெய் பூசிய மழைச்சட்டையின் மணிக்கட்டு விளிம்பு உப்போடு உரசி உரசிக் கொப்புளமாகும். படுக்கை என்பது துறைமுகத்தில் சொந்தக் காசில் வாங்கிய வைக்கோல் மெத்தை. அதைக் 'கழுதையின் காலைச் சாப்பாடு' என்றார்கள்.

சாப்பாட்டை நீட்டிப் பேச வேண்டாம், ஏனென்றால் நீட்டிப் பேச அதில் எதுவும் இல்லை. ஒப்பந்தத்திலேயே அளவு எழுதியிருக்கும்: ஒரு நாளைக்கு ஒன்றரை பவுண்டு உப்பிட்ட மாட்டிறைச்சி, மறுநாள் ஒன்றேகால் பவுண்டு பன்றியிறைச்சி, ஒரு பவுண்டு கெட்டி பிஸ்கட், கொஞ்சம் மாவு, உலர்ந்த பட்டாணி, சர்க்கரை, தேநீர், காப்பி. குடிக்கவும் சமைக்கவும் மூன்று குவார்ட், அதாவது சுமார் மூன்றரை லிட்டர் தண்ணீர். பிஸ்கட்டை மேசையில் தட்டி வண்டை உதிர்த்துவிட்டுத் தின்றார்கள். இருட்டில் தின்பது நல்லது என்பவர்களும் இருந்தார்கள். ஸ்கர்வி என்ற வைட்டமின் குறைபாட்டு நோய் வராமல் இருக்க எலுமிச்சை இனச் சாறு கொடுப்பது முன்பே சட்டத்தில் இருந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் சாற்றின் தரத்தைச் சோதிக்கவும் வழி செய்தது. அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் மாலுமிகளை எலுமிச்சைச் சாற்றுக்காரர்கள் என்று கேலி செய்தது அதனால்தான்.

சம்பளம் தேர்ந்த மாலுமிக்கு மாதம் இரண்டரை, மூன்று பவுண்டு. கப்பலேறும்போது ஒரு மாதச் சம்பளத்தை முன்பணச் சீட்டாகத் தருவார்கள். அது பெரும்பாலும் தங்குவிடுதிக்காரன் கைக்குப் போய்விடும். ஆக முதல் மாதம் முழுவதும் ஏற்கெனவே குடித்துத் தீர்த்த காசுக்கான உழைப்பு. அதைச் 'செத்த குதிரைக்கு உழைப்பது' என்றார்கள். மாதம் முடிந்ததும் சாக்கில் குதிரை பொம்மை செய்து, பாட்டோடு கடலில் எறிவார்கள். சான்பிரான்சிஸ்கோ போன்ற ஊர்களில் ஆள்பிடிக்கும் தரகர்கள் மயக்க மருந்து கொடுத்தே கப்பலேற்றினார்கள். அதிகாரிகளாக வரவிருக்கும் பயிற்சிப் பையன்களின் கதை இன்னும் வேடிக்கை: அப்பா பணம் கட்டிச் சேர்ப்பார், பையன் நான்கு ஆண்டு இலவசமாக மாலுமி வேலை செய்வான். கூலியில்லாத கை என்பதால் முதலாளிகளுக்கு இவர்கள் மீது தனிப் பாசம்.

வேலைப் பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. நங்கூரம் தூக்கும் உருளையின் கைத்தடிகளைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் செக்கு மாடு போலச் சுற்றுவார்கள். பருமலை ஏற்ற ஒரே நேரத்தில் எல்லாரும் இழுக்க வேண்டும். ஒருவர் ஒரு வரி எடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டில் குறிப்பிட்ட சொல்லில் இழுப்பார்கள். நம் ஏலேலோ ஐலசாவும் இதே வேலையைத்தான் செய்கிறது. நல்ல பாடகன் ஒருவன் பத்து ஆளுக்குச் சமம் என்பது அவர்கள் கணக்கு. வரிகளில் கேப்டனையும் சாப்பாட்டையும் திட்டலாம். நேரில் சொன்னால் தண்டனை. பாட்டில் சொன்னால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

தச்சரை "சும்மா இருப்பவர்" பட்டியலில் சேர்த்தார்கள் என்றேன். 1872இல் அந்தப் பட்டியலின் லட்சணம் தெரிந்தது. கட்டி சார்க்கும் அதன் போட்டிக் கப்பலான தெர்மோபைலியும் ஜூன் மாதம் ஷாங்காயிலிருந்து தேயிலையோடு கிளம்பின. இந்தியப் பெருங்கடலில் கட்டி சார்க் சுமார் 400 மைல் முந்தியிருந்தது. ஆகஸ்ட் 15 அன்று புயலில் சுக்கான் பிய்ந்து கடலோடு போய்விட்டது. கப்பலில் இருந்த முதலாளியின் தம்பி, அருகிலுள்ள துறைமுகத்துக்குப் போகச் சொன்னார். ஜார்ஜ் மூடி என்ற கேப்டன் மறுத்துவிட்டார். தச்சர் ஹென்றி ஹெண்டர்சன், உபரியாக வைத்திருந்த மரங்களை அறுத்து, ஆடும் தளத்தின் மீதே உலை மூட்டி இரும்பு அடித்து, ஒரு மாற்றுச் சுக்கான் செய்தார். புரண்ட அலையில் உலை கவிழ்ந்து கனல் தெறித்தது. துருத்தி ஊதிக்கொண்டிருந்தது கேப்டனின் மகன். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது பின்புறத்தில் பொருத்தப்பட்டது. தெர்மோபைலி சுமார் ஒரு வாரம் முந்தி லண்டன் சேர்ந்தது. தோற்ற கப்பலைப் பற்றித்தான் ஊரே பேசியது.

அதே கப்பலின் இன்னொரு முகம் 1880. முதல் மேட் சிட்னி ஸ்மித், தகராறில் ஜான் பிரான்சிஸ் என்ற மாலுமியைத் தடியால் அடித்துக் கொன்றார். ஜாவாவின் அஞ்செர் துறையில் மேட் தப்பிப்போகக் கேப்டன் வாலஸ் வழிசெய்தார். ஆட்கள் வேலை செய்ய மறுத்தார்கள். சில நாட்களில் கேப்டன் கடலில் குதித்து மாண்டார். பிற்பாடு பிடிபட்ட ஸ்மித்துக்கு ஏழு ஆண்டுச் சிறை கிடைத்தது. நல்ல கேப்டன்களும் உண்டு: 1885 முதல் பத்து ஆண்டு கட்டி சார்க்கை ஓட்டிய ரிச்சர்ட் உட்ஜெட் காற்றின் நாடி பிடித்தவர், புகைப்படக் கலைஞர், கப்பலிலேயே நாய் வளர்த்தவர். 1889 ஜூலையில் ஆஸ்திரேலியக் கரையருகே இரவில் பிரிட்டானியா என்ற நீராவித் தபால் கப்பலையே முந்தினார். ஆனால் நடுக்கடலில் முறையிட வேறு இடமில்லாத முப்பது பேரின் வாழ்வு, யார் கேப்டன் என்ற ஒன்றைப் பொறுத்திருந்தது.

சரக்கு ஏற்றுவது துறைமுகக் கூலிகளின் கலை. சீனாவில் தேயிலைப் பெட்டிகளை இடைவெளியே இல்லாமல் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி அடுக்குவார்கள். முதல் பயணத்தில் கட்டி சார்க் ஏற்றியது சுமார் 13 லட்சம் பவுண்டு தேயிலை. ஆஸ்திரேலியாவில் கம்பளிப் பொதிகளைத் திருகு இயந்திரத்தால் நெருக்கி ஏற்றினார்கள். முதல் கம்பளிச் சரக்கு 4,289 பொதிகள். இரண்டுக்கும் இடையே கிடைத்ததை ஏற்றித் திரிந்த ஆண்டுகளில் இந்தக் கப்பல் நம் பக்கமும் வந்திருக்கிறது. 1882-83இல் சென்னை, பீமுனிப்பட்டினம், காக்கிநாடா என்று கரையோரமாக நின்று, வெல்லமும் கடுக்காயும் ஏற்றி லண்டன் போனது. சென்னையில் கட்டிக்கொண்டிருந்த துறைமுகச் சுவர்களை 1881 நவம்பர் புயல் சிதைத்திருந்தது. ஆணியில்லாமல் நாரால் தைத்த மசூலாப் படகுகள்தான் அந்தக் காலத்தில் அலையைத் தாண்டிக் கப்பலுக்கும் கரைக்கும் சரக்கு சுமந்தன. உலகின் வேகமான தேயிலைக் கப்பல் என்று பெயர் வாங்கியது வெல்ல மூட்டைக்காகக் காத்து நின்றது என்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம்.

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். நீராவியோடு போட்டியிட்டுப் பாய்மரக் கப்பல் எப்படித் தாக்குப்பிடித்தது? அவசரமில்லாத சரக்கும் நீண்ட தூரமும் ஒரு காரணம்: கம்பளி, கோதுமை, நிலக்கரி, சிலி நாட்டு நைட்ரேட். நிலக்கரி நிரப்பும் துறைகள் அரிதான கடல்களில் காற்றுதான் மலிவு. காற்றுக்கு மேலும் விலை குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது ஆளை. 1880இல் கட்டி சார்க்கின் பாய்மரங்களையே வெட்டிக் குட்டையாக்கினார்கள். அடிமரத்தில் மட்டும் ஒன்பது அடிக்கு மேல் போனது. குறைந்த பாய், குறைந்த ஆள். அப்படியும் 1885-86இல் சிட்னியிலிருந்து 73 நாளில் லண்டனைத் தொட்டது.

தேயிலைக் காலத்தில் முப்பதை ஒட்டி இருந்த ஆள் எண்ணிக்கை, ஒரு கட்டத்தில் 19 வரை இறங்கியது. அந்த 19ஐ வழக்கமான கணக்கில் பிரித்துப் பாருங்கள். கேப்டன், இரண்டு மேட், தச்சர், பாய் தைப்பவர், சமையல்காரர், பரிசாரகர் என ஏழு பேர் கழிந்தால் மிச்சம் பன்னிரண்டு. இரண்டு வாட்சுக்கு ஆறு ஆறு பேர். அதில் ஒருவர் சுக்கானில், ஒருவர் அணியத்தில். ஹார்ன் முனையில் விடியற்காலை இரண்டு மணிக்கு, உறைந்த பாயைச் சுருட்ட மேலே ஏறுவதற்கு நான்கு பேர்.